விற்ற சாமானைத் திரும்பப் பெறுதலும் அதிகாரிகளுக்கு அறிவித்தலும்

கடையில் வாங்கிய ஒரு சாமானில் குற்றம் உண்டென்று தெரிய வந்தால் நமது கிராமவாசிகளில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்றாகும். கடைக்காரரோடு வாதாடிப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஒன்று. போனது போகட்டும் என்று குப்பைக்குழியில் எறிந்துவிடுவது மற்றொன்று. முன்னதில் ஒரு குடும்பத்தின் நஷ்டம் தீர்கிறது, பின்னதில் அதுவுமில்லை. ஆனால் அதே பெட்டியில் வந்த மற்றச் சாமான்கள் அடுத்த தெருவிலும், பக்கத்து ஊரிலும், தூரத்து ஜில்லாக்களிலும் யாதொரு சந்தேகமுமின்றி உபயோகிக்கப்பட்டு வருகின்றன என்பதை இவ்விருவருள் எவரும் நினைப்பதில்லை. அவ்வாறு பரவிப்போன சாமானைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டிற்கே ஆங்கிலத்தில் ‘ரீகால்’ என்று பெயர். வியாபாரிகள் இதை ‘வாபஸ்’ என்பர். இதனைப் பற்றிய சட்டங்களும் அதிகாரிகளும் நமது நாட்டில் உண்டு. அவற்றை இயங்கச் செய்வதற்கு வேண்டிய முதல் தகவல் மாத்திரம் பெரும்பாலும் வாங்கினவரிடமிருந்தே வரவேண்டியிருக்கிறது.

இதன் அவசியத்தைச் சமீப காலத்தில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவம் நன்கு விளக்கும். 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா ஜில்லாவில், சாதாரண ஜலதோஷமும் ஜுரமும் கண்ட சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று மூத்திரம் கட்டி, சிறுநீரகம் கெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மரணம் நேரலாயிற்று. குடிதண்ணீர்க் கோளாறோ, ஏதேனும் தொற்றுநோயோ என்று முதலில் சந்தேகங்கொண்டு பரிசோதனைகள் நடந்தன. பின்னரே அக்குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த இருமல் மருந்தின்மேல் கவனம் சென்றது. மருந்தின் பெயர் ‘கோல்ட்ரிஃப்’. அது செய்யப்பட்ட இடமோ நமது தமிழ்நாட்டில் காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள ஒரு தொழிற்சாலை. அக்டோபர் 1-ந் தேதி மத்தியப் பிரதேச அதிகாரிகளிடமிருந்து தகவல் கிடைத்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் தொழிற்சாலையைப் பார்வையிட்டு மாதிரி எடுத்தனர். இரண்டொரு தினங்களிலேயே சென்னைப் பரிசோதனைச் சாலையின் முடிவு வெளியாயிற்று. 2025 மே மாதத்தில் செய்யப்பட்ட எஸ்.ஆர்.-13 என்ற பாட்ச் நெம்பருள்ள மருந்தில் ‘டை எதிலீன் கிளைக்கால்’ என்னும் விஷத் திரவம் நூற்றுக்கு 48.6 பங்கு காணப்பட்டது. அனுமதிக்கத்தக்க அளவு நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. விற்பனை தடுக்கப்பட்டது, தயாரிப்பு நிறுத்தப்பட்டது, அம்மாதத்திலேயே கம்பெனியின் லைசென்ஸும் ரத்தாயிற்று. அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயினர்.

இந்தக் கணக்கைச் சற்றே கவனித்துப் பார்க்க வேண்டும். தகவல் வந்த பிறகு மாதிரி எடுத்து முடிவு அறிய வேண்டியிருந்த காலம் சில தினங்களே. முதற் குழந்தை நோயுற்றதற்கும் தகவல் காஞ்சீபுரம் வந்து சேர்ந்ததற்கும் இடையே கழிந்ததோ பல வாரங்கள். பரிசோதனைச் சாலையைக் காட்டிலும் காலத்தை விழுங்கியது, சீசாவின்மேல் சந்தேகம் பிறந்து அது எழுத்து மூலமாக அதிகாரியிடம் போய்ச் சேர்வதற்குள்ள வழியேயாகும். அவ்வழியைச் சுருக்குவது எப்படியென்பதே இங்கு விஷயம்.

மேற்படி விஷத்தைக் கண்ணாலாவது, மூக்காலாவது, நாக்காலாவது அறிய முடியாது. அது நிறமற்றது; தித்திப்பானது; நல்ல மருந்துகளைக் கரைப்பதற்கு உபயோகமாகும் கிளிஸரின், புரொபிலீன் கிளைக்கால் இவற்றைப் போலவே குழம்பாயிருப்பது. யந்திரத் தொழில்களுக்கு வேண்டிய மலிவான திரவம் மருந்துக்குரிய திரவத்தின் ஸ்தானத்தில் புகுந்துவிடுகிறது. 2022-ம் வருஷத்தில் ஆப்பிரிக்காவில் காம்பியா தேசத்தில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்விதமான மருந்துகளைக் குடித்தே மாண்டனர். ஆகவே, ‘சுவைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்வதும், ‘போன மாதம் இதே மருந்துதான் கொடுத்தோம்’ என்று வீட்டில் சொல்வதும் இவ்விஷயத்தில் ஒரு ஆதாரமுமாகா. போன மாதத்துச் சீசா வேறு பாட்சைச் சேர்ந்ததாயிருக்கலாம்.

இதே விஷம் தொண்ணூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் செய்த நாசமும், அதை அங்குள்ளவர்கள் தேடிப் பிடித்த விதமும் நம்மவர்கள் அறியத்தக்கவை. 1937-ம் வருஷத்தில் டென்னஸி மாகாணத்து மருந்துக் கம்பெனி ஒன்று, அதுவரையில் தூளாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்பட்டுவந்த ‘ஸல்பனிலமைட்’ என்னும் மருந்தை, குழந்தைகள் குடிப்பதற்கேற்ற பானமாக்க விரும்பி, மேற்சொன்ன திரவத்தில் கரைத்து, பழ வாசனையும் சேர்த்து விற்றது. நிறம், மணம், ருசி ஆகியவற்றைப் பரிசோதித்தார்களேயன்றி, குடித்தவர் பிழைப்பாரா என்பதைப் பரிசோதிக்கவில்லை. அக்காலத்துச் சட்டமும் அப்பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கம்பெனியார் தங்கள் ஏஜெண்டுகளுக்கும் மருந்து ஷாப்புகளுக்கும் முதலில் கொடுத்த தந்திகளில், சரக்கைத் திருப்பி அனுப்பவும் என்று மாத்திரம் கண்டிருந்ததேயொழிய, காரணம் கண்டிருக்கவில்லை. காரணமறியாத கடைக்காரர் அவசரப்படுவாரா? அரசாங்க அதிகாரிகள் வற்புறுத்திய பின்னரே, இம்மருந்து உயிருக்கு அபாயமானது என்ற சொற்கள் அடங்கிய இரண்டாந் தந்தி போயிற்று. வாபஸ் அறிவிப்பில் அபாயத்தை மறைப்பது அறிவிப்பே கொடாததற்குச் சமானம். இன்றைக்கும், ‘தரக் காரணங்களை முன்னிட்டு’ என்று மழுப்பி எழுதும் வழக்கம் வியாபாரிகளிடையே இல்லாமலில்லை.

இருநூறுக்கு மேற்பட்ட இன்ஸ்பெக்டர்கள் கடை கடையாகவும், டாக்டர் டாக்டராகவும், முடிவில் வீடு வீடாகவும் தேடினார்கள். விற்பனைச் சீட்டில் வாங்கினவர் பெயர் சரியாக இல்லாத இடங்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒரு மூன்று வயதுக் குழந்தையின் தாயார் மருந்தை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மலைப் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டபடியால், மருந்தெழுதிக் கொடுத்த டாக்டர் தம்முடைய விவாகத்தையே ஒத்திவைத்துவிட்டு, அதிகாரியுடன் அக்குழந்தையைத் தேடிப் புறப்பட்டார் என்பது அங்கு பிரசித்தமான செய்தி. செய்யப்பட்ட 240 காலனில் 234 காலனுக்குச் சற்று அதிகமாக மீட்கப்பட்டது. உயிர்களைக் குடித்தது எஞ்சிய ஆறு காலனுக்குட்பட்ட மருந்தேயாகும். முழுவதும் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இவ்வளவு கோரம் நடந்தும், சரக்கைப் பறிமுதல் செய்வதற்குச் சட்டத்தில் கிடைத்த ஒரே பிடி, ‘எலிக்ஸர்’ என்ற பெயரிட்ட மருந்தில் சாராயச் சத்து இருக்கவேண்டும், இதில் இல்லை என்னும் பெயர்க் குற்றமேயாம்! மறு வருஷமாகிய 1938-ல் அங்குப் புதுச் சட்டம் பிறந்தது. நமது தேசத்து மருந்துச் சட்டம் 1940-ம் வருஷத்தியது. பல திருத்தங்களுடன் இன்றும் அமுலிலிருக்கிறது.

இனி வாங்குவோர் செய்யவேண்டியவற்றைக் கவனிப்போம். முதலாவது, லேபிளிலுள்ள பாட்ச் நெம்பரைப் படிக்கும் வழக்கம். விலையையும், கெடு தேதியையும் பார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. ஒரே தடவையில், ஒரே கலவையிலிருந்து செய்யப்பட்ட சரக்கு முழுவதற்கும் கம்பெனியார் கொடுக்கும் அடையாளமே பாட்ச் நெம்பராகும். உணவுப் பொருள்களில் இதை ‘லாட்’ என்றும் குறிப்பர். வாபஸ் உத்தரவு பெரும்பாலும் ஒரு மருந்தின் பெயருக்கு மாத்திரம் வருவதன்று. இன்ன பெயர், இன்ன பாட்ச், இன்ன மாதத்தில் செய்தது என்று வரும். பெயர் ஒத்து நெம்பர் ஒவ்வாவிட்டால் அச்சரக்கு அவ்வுத்தரவுக்கு உட்பட்டதன்று. நெம்பர் அழிந்துபோயிருந்தால், அல்லது சுரண்டப்பட்டிருந்தால், அச்சாமானை வாங்காமலிருப்பதே உத்தமம்.

இரண்டாவது, ரசீது. மருந்து ஷாப்புகளில் டாக்டர் சீட்டின்பேரில் கொடுக்கும் மருந்துக்கு, மருந்தின் பெயர், செய்தவர் பெயர், பாட்ச் நெம்பர், கெடு தேதி இவை அடங்கிய பில் தரவேண்டுமென்பது விதி. ‘பில் வேண்டாமென்றால் சிறிது குறைத்துத் தருகிறேன்’ என்பாருக்கு இணங்குகிறவர், நாளைக்கு அக்கடையிலிருந்துதான் வாங்கினோமென்று ருஜுப்பிக்கும் வழியையே அச்சிறு தொகைக்கு விற்றுவிடுகிறார். விதை, உரம், பூச்சிமருந்து வாங்கும் குடியானவர்களுக்கு இது பின்னும் அதிகமாகப் பொருந்தும். முளைக்காத விதையின் நஷ்டம் ஒரு போகத்தின் நஷ்டம். விதைப் பையையும் அதில் தைத்திருந்த அட்டையையும் அடுப்பெரித்துவிட்டுப் பிறகு வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸுக்குப் போவதில் பயனில்லை. பையில் ஒரு பிடி விதையையும் மீத்து வைக்க வேண்டும்.

வாபஸ் செய்திகள் எங்கே கிடைக்குமென்று கேட்கலாம். மருந்துகளைப் பற்றி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் மாதந்தோறும், தரக்குறைவென்று பரிசோதனையில் கண்ட மருந்துகளின் ஜாபிதாவைப் பாட்ச் நெம்பருடன் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. உணவுப் பொருள்களைப் பற்றிய உத்தரவுகள் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்திலிருந்து வெளிவரும். 2017-ம் வருஷத்திய விதிகளின்படி, தன் உணவுச் சரக்கு அபாயமானதென்று கண்ட கம்பெனி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதனை ஆணையத்துக்கு அறிவித்து வாபஸ் வேலையைத் தொடங்கவேண்டும். வீட்டுச் சாமான்களைப் பற்றி 2020-ம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடுகிறது. இவை யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பது ஒரு பெருங்குறைதான். ஆனால் பாட்ச் நெம்பரைப் படிப்பதற்குப் பாஷா ஞானம் வேண்டுவதில்லை. ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை செல்போனில் அந்த ஜாபிதாவைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். கூட்டுறவுப் பண்டகசாலைகளும் மருந்தகங்களும் இவ்வேலையை மாதம் ஒரு முறை தங்கள் சரக்கிருப்புப் புஸ்தகத்தோடு வைத்துச் செய்துவிட்டால், மெம்பர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. லாபப் பங்கீட்டைப் பற்றி மகாசபையில் மணிக்கணக்காக விவாதிக்கும் சங்கங்களில் எத்தனை இந்த அரைமணி வேலையைச் செய்கின்றனவோ, அதனதன் நிர்வாகிகளுக்கே வெளிச்சம்.

சாமான் சந்தேகத்துக்கிடமானது என்று தோன்றிய மாத்திரத்தில் அதன் உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும், ஆனால் எறியலாகாது. சீசாவோ பொட்டலமோ, மீந்துள்ள சரக்குடன், மேலுறை, அட்டைப்பெட்டி, உள்ளிருந்த காகிதம் யாவற்றையும் சேர்த்து, ஒரு சுத்தமான பையிலிட்டுக் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். வேறு பாத்திரத்தில் மாற்றினால் அதன் சாட்சித் தன்மை போய்விடும். குழந்தைக்கு மருந்து கொடுத்தபின் மூத்திரம் குறைந்தாலும், ஓயாத வாந்தி, மயக்கம், சோர்வு கண்டாலும், முதலில் ஆஸ்பத்திரி, பிறகே அதிகாரி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீசாவையும் கூடவே கொண்டுபோக வேண்டும். இச்சிறு காரியத்தால் டாக்டர் தேடும் காலம் மிச்சமாகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகள் கொடுக்கலாகாதென்றும், ஐந்து வயதுக்குள் அவை பொதுவாக வேண்டுவதில்லையென்றும் மத்திய சுகாதாரச் சேவை இயக்குநர் தலைமையகம் 2025 அக்டோபரில் அறிவித்திருப்பதைத் தாய்மார்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

யாருக்கு அறிவிப்பது? மருந்தாயின், ஜில்லாவிலுள்ள மருந்து ஆய்வாளர், அதாவது டிரக் இன்ஸ்பெக்டர். மருந்தினால் உண்டான கெடுதிகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தொலைபேசியும் உண்டு. உணவாயின், வட்டாரத்திலுள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேல் ஜில்லாவின் நியமன அலுவலர். ஸமையல் வாயுக் கசிவானால் எந்நேரமும் 1906. மற்றச் சாமான்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி 1915. எவரிடம் போவதென்று தெரியாவிட்டால் ஜில்லா கலெக்டரிடமே எழுதலாம். நுகர்வோரின் உரிமைக்கு ஊறு நேர்ந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலமாகவோ இணைய மூலமாகவோ புகார் செய்யலாமென்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 17-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அதை விசாரித்து ரிப்போர்ட் செய்வது அவருடைய அதிகாரத்துக்குட்பட்டதே. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். மனு கொடுத்தபின் பதிவு நெம்பர் வாங்காமல் திரும்புவது கூடாது.

மனு எழுதும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில், அதிகாரிகளிடம் வரும் மனுக்களில் அநேகம், ‘மேற்படி கடையில் விற்கும் சாமான்கள் யாவும் கலப்படம், ஜனங்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள், ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும்’ என்ற ரீதியிலேயே இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி என்ன செய்வார்? கடைக்குப் போவார், ஏதோ ஒரு பொட்டலத்தை எடுப்பார், அது நன்றாயிருக்கும், விஷயம் முடிந்தது. அதற்கு மாறாக, இன்ன தேதி இன்ன கடையில் இன்ன கம்பெனியின் அரைக்கிலோ மிளகாய்த்தூள் வாங்கினதாகவும், பில் நெம்பர் இன்னதென்றும், பொட்டலத்தின்மேல் பாட்ச் நெம்பரும், செய்த மாதமும், எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸின் பதினான்கு இலக்க நெம்பரும் இன்னின்னவென்றும், அதை உபயோகித்துச் சமைத்த இரவு வீட்டில் நால்வரில் மூவருக்கு வாந்தி கண்டதென்றும், தூள் சாப்பிடாத ஒருவருக்கு ஒன்றுமில்லையென்றும், பாதிப் பொட்டலம் வீட்டில் பத்திரமாயிருக்கிறதென்றும், அதே அடையாளமுள்ள பொட்டலங்கள் இன்னும் அக்கடையில் தொங்குவதைக் கண்டதாகவும் எழுதினால், அது ஒன்பது வரியாயிருந்தாலும் அதிகாரியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். கண்டதை மாத்திரம் எழுதவேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றே எழுதவேண்டும். லேபிளை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துச் சேர்த்தால் நெம்பரை எழுதுவதில் நேரும் பிழைக்கும் பரிகாரமாகும்.

வீட்டிலுள்ள திறந்த பொட்டலம் கோர்ட்டில் பெரும்பாலும் நிற்காது. அதில் வீட்டாரே ஏதேனும் சேர்த்திருக்கலாமென்று எதிர்த்தரப்பார் வாதிக்க இடமுண்டு. ஆகையால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையிலிருந்தே மாதிரி எடுத்து, நான்கு பாகமாக்கி, முத்திரையிட்டு, ஒரு பாகத்தை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். பதினான்கு தினங்களுக்குள் ரிப்போர்ட் வரவேண்டும். கடையில் அதே பாட்ச் தீருமுன் தகவல் போய்ச் சேர வேண்டியதன் காரணம் இதுவே. ஒரு வாரம் யோசித்துப் பிறகு எழுதுகிற மனுவுக்குக் காலி அலமாரியே விடையாகும்.

அதிகாரியை எதிர்பாராமல் வாங்குபவரே பரிசோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் வழியுண்டென்பதைப் பலர் அறியார். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே, இதைப் பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று விற்பவருக்குத் தெரிவித்துவிட்டு, விதிக்கப்பட்ட கட்டணம் செலுத்தி, பகுப்பாய்வாளரிடமிருந்து கையொப்பமிட்ட ரிப்போர்ட் பெறலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மருந்துகளுக்கு 1940-ம் வருஷத்துச் சட்டத்தின் 26-வது பிரிவு இதைப்போன்ற உரிமையளிக்கிறது. ஒருவரே செலவு செய்யத் தயங்கும் இடத்தில் ஒரு சங்கம் மெம்பர்களின் பொருட்டுச் செய்யலாமன்றோ? நுகர்வோர் சங்கங்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

ஒரு சிற்றூர் இன்ஸ்பெக்டர் எடுத்த மாதிரி தேசம் முழுவதையும் அசைத்த திருஷ்டாந்தமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி ஜில்லாவில் 2014-ம் வருஷம் எடுக்கப்பட்ட ‘மாகி’ நூடுல்ஸ் மாதிரியைப் பரிசோதித்ததில் ஈயம் அளவுக்கு மேலிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. 2015 ஜூன் 5-ந் தேதி ஆணையம் அச்சரக்கைத் தேசம் முழுவதிலும் வாபஸ் வாங்கும்படி உத்தரவிட்டது. ஆயினும் கம்பெனியார் பம்பாய் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடர, கம்பெனியின் வாதத்தைக் கேளாமலும், தக்க அங்கீகாரமில்லாத பரிசோதனைச் சாலைகளின் ரிப்போர்ட்டை நம்பியும் உத்தரவு பிறந்ததென்று கோர்ட்டார் ஆகஸ்ட் 13-ந் தேதி அதை ரத்து செய்து, புதிதாகப் பரிசோதிக்கும்படி தீர்ப்பளித்தனர். அப்பரிசோதனைகளில் தேறியபின் அவ்வருஷ நவம்பரில் விற்பனை மறுபடியும் தொடங்கிற்று. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் ஏற்படுகின்றன. வாபஸ் உத்தரவு குற்றத் தீர்ப்பன்று. சந்தேகம் தீருமளவும் ஜனங்களைக் காப்பதற்கான ஏற்பாடு. அன்றியும், முறை தவறி எடுத்த மாதிரியும் முறை தவறிய பரிசோதனையும் உண்மையான அபாயத்தையும் கோர்ட்டில் தோற்கச் செய்துவிடும். புகார் செய்வோர் ஊரில் தமுக்கடிப்பதற்கு முன் அதிகாரியிடம் போகவேண்டுமென்பதும் இதனாலேயே. ஒரு சிறு கடைக்காரரின் பிழைப்பு வதந்தியினால் இரண்டே நாளில் போய்விடும். பிறகு ரிப்போர்ட் நன்றாயிருந்தாலும் திரும்பாது.

வீட்டுச் சாமான்களில் அடிக்கடி விபத்து விளைவிப்பது பிரஷர் குக்கர். இதற்கு ஐ.எஸ். 2347 என்ற தரம் 2021-ம் வருஷத்திலிருந்து கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மாத்திரம் இருந்தால் போதாது. முத்திரையின் மேல் தர நெம்பரும், கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் நெம்பரும் இருக்கவேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் அரசாங்கச் செயலியில் அந்நெம்பரை இட்டால், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, இன்னும் உயிரோடிருக்கிறதா என்பது தெரியும். சந்தையில் நிறுத்து விற்கும் குக்கர்களில் பலவற்றின் முத்திரை வெறும் அச்சே. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமில்லாத குக்கர்களைத் தன் மூலமாக விற்க அனுமதித்த ஒரு பெரிய இணைய வர்த்தகக் கம்பெனியை, விற்றுப்போன 2,265 குக்கர்களை வாங்கினவர்கள் யாவருக்கும் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கும்படியும், லக்ஷ ரூபாய் அபராதம் செலுத்தும்படியும் உத்தரவிட்டது. அங்கு வாங்கினவர்களின் விலாசம் கணக்கிலிருந்தபடியால் அவ்வுத்தரவுக்குப் பொருளுண்டு. சந்தையில் ரொக்கத்துக்கு வாங்கினவரை யார் எங்கே போய்த் தேடுவது?

காஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடிக்குக் கீழுள்ள பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தொன்றும் வருஷத்தின் இரண்டு இலக்கமும் தீட்டப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச்சு முடியவும், பி ஜூன் முடியவும், சி செப்டம்பர் முடியவும், டி டிசம்பர் முடியவும் உள்ள கெடு. ‘பி-27’ என்றிருந்தால் 2027 ஜூன் மாதத்துக்குள் அச்சிலிண்டர் மறு சோதனைக்குப் போகவேண்டுமென்பது அர்த்தம். கெடு கடந்ததை இறக்கவிடாமல் அப்போதே திருப்பி அனுப்ப வாங்குபவருக்கு உரிமையுண்டு.

நஷ்டஈடு வேறு, அபாய அறிவிப்பு வேறு. நஷ்டஈட்டுக்கு ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லக்ஷம் வரையில் கட்டணமில்லை. ஆனால் கடைக்காரர் புதுச் சாமான் கொடுத்துவிட்டார், அல்லது கம்பெனி ஏஜெண்டு வீடு தேடி வந்து ஒரு தொகை கொடுத்துச் சீசாவைக் கேட்கிறார் என்பதற்காக அறிவிப்பை நிறுத்திவிடலாகாது. கேட்கிறவரிடம் சீசாவைக் கொடுக்கவேண்டிய கடமையும் இல்லை. அதிகாரி பெற்றுக்கொண்டால் ரசீதுடன் கொடுக்கவேண்டும்.

கூட்டுறவுப் பண்டகசாலையிலோ, கிராமத்துக் கடையிலோ வாபஸ் உத்தரவு வந்த சரக்கிருந்தால் அதை அலமாரியிலிருந்து இறக்கி, ‘விற்பனைக்கன்று’ என்று எழுதிய தனிப்பெட்டியில் பூட்டி, எத்தனை வந்தது, எத்தனை விற்றது, எத்தனை இருக்கிறது என்ற கணக்கை அன்றே எழுதி, சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கும் அதிகாரிக்கும் நகல் அனுப்பவேண்டும். விற்றுப்போனதை வாங்கினவர்களில் தெரிந்தவர்களுக்கு ஆள்விட்டுச் சொல்லவேண்டும். தெரியாதவர்களுக்காகப் பாட்ச் நெம்பருடன், அபாயம் இன்னதென்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலிலும், பால் சங்கத்திலும், பள்ளிக்கூடத்திலும் ஒட்டவேண்டும். திரும்பி வந்த மருந்தைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. பூட்டிய பெட்டியோடு இன்ஸ்பெக்டர் வரும்வரை வைத்திருந்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து ஒப்புவித்து, சரக்கிருப்புப் புஸ்தகத்தில் அவருடைய கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளவேண்டும்.